ரஷ்யப் பாட்டி தந்த தக்காளிச் சாலட்

"பச்சையாத் தின்ன நாம என்ன ஆடா, மாடா? நீங்களே சொல்லுங்க டீச்சர்!"

இப்படிக் கேட்டவர் எங்கள் தோட்டத்து அக்கா ஒருவர். செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை அவருக்கு. கேள்வி என்னிடம் வந்தாலும் கோபம் என் மேல் அல்ல. அடுப்படியில் நின்று தக்காளியை நறுக்கிக்கொண்டிருந்த மகள் மேல்தான். அந்த மகள் ரஷ்யாவில் ஆறு ஆண்டுகள் டாக்டருக்குப் படித்துவிட்டு, 2017ஆம் ஆண்டில் அந்த வாரந்தான் வீடு திரும்பியிருந்தாள். ஆறாம் ஆண்டு வரை என்னிடம் படித்த பிள்ளை. பார்த்துவிட்டு வருவோம் என்று போன என்னையும் ஒரு மங்கோடு உட்கார வைத்துவிட்டாள்.

மங்கில் இருந்தது என்ன? தக்காளி, வெள்ளரிக்காய், வெங்காயம், ஏதோ ஒரு கீரை, மேலே வெள்ளையாகத் தயிர் போல ஒன்று. அடுப்பு மூட்டவில்லை. கடுகு தாளிக்கவில்லை. மிளகாய்த் தூளைத் தொடவும் இல்லை. "இதைத்தான் டீச்சர், அங்கே நான் ஆறு வருஷம் சாப்பிட்டு உயிரோடு இருந்தேன்" என்று சிரித்தாள்.

அவள் சிரித்தாலும், அந்த மங்குக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. அன்று மாலை முழுதும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து நானும் செய்து பார்த்தேன். இன்றுவரை வாரம் இரண்டு நாள் எங்கள் வீட்டில் இந்தச் சாலட் உண்டு. செய்முறையைக் கேட்டு வரும் தாய்மார்களுக்குத் தாளில் எழுதிக் கொடுத்துக் கை வலித்துவிட்டது. ஆகவேதான், அன்பு வாசகர்களே, கதையும் செய்முறையுமாக இங்கே எழுதுகிறேன்.

முதல் வாரத்துக் கண்ணீர்

அவள் படித்த ஊர் வோல்கோகிராத். ஐரோப்பாவிலேயே நீளமான வோல்கா நதியின் கரையில் உள்ள நகரம். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது அதன் பெயர் ஸ்டாலின்கிராத். 1942, 1943ஆம் ஆண்டுகளில் அங்கே நடந்த போரில் நகரமே கல்லும் மண்ணுமாகச் சரிந்தது. 1961இல்தான் வோல்கோகிராத் என்று பெயர் மாறியது. அங்குள்ள மருத்துவப் பல்கலைக்கழகத்தில் நம் நாட்டுப் பிள்ளைகள் பலர் படித்திருக்கிறார்கள். நம் இனத்துப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

2011ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அவள் போய்ச் சேர்ந்தாள். அம்மாவின் தாலிக்கொடி தவிர மற்ற நகையெல்லாம் அடகுக் கடைக்குப் போயிருந்தது. அப்பா தோட்டத்து லோரி ஓட்டுநர். சேமநிதியிலிருந்து எடுத்த பணமும், உறவினரிடம் கைமாற்றாக வாங்கிய பணமும் சேர்ந்துதான் முதல் ஆண்டுக் கட்டணம் ஆயிற்று. "போன முதல் வாரமே திரும்பி வந்துவிடலாம் என்று அழுதேன்" என்றாள். மொழி புரியவில்லை. மாணவர் உணவுக் கூடத்தில் வைத்ததில் பாதி மாட்டிறைச்சி. அது இவர்கள் வீட்டு வழக்கத்தில் இல்லை. மீதியில் உப்பும் உறைப்பும் இல்லை. கொண்டுபோன ஊறுகாய் போத்தல் பயணத்திலேயே உடைந்துபோயிற்று. மூன்று நாள் ரொட்டியும் தேநீருமாக ஓட்டியிருக்கிறாள்.

மாணவர் விடுதியின் வாசலில் சாவிக்கொத்தோடு காவல் இருந்தது ஒரு கிழவி. வயது எழுபதுக்கு மேல். வருகிற போகிற பிள்ளைகளை எல்லாம் அதட்டிக்கொண்டிருப்பார். நான்காம் நாள் இந்தப் பெண் படிக்கட்டில் உட்கார்ந்து அழுவதைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. தம் பையிலிருந்து நான்கு தக்காளியை எடுத்தார். இரண்டு வெள்ளரிக்காயை எடுத்தார். சிறு கத்தியால் கையிலேயே வைத்து நறுக்கி, ஒரு கிண்ணத்தில் போட்டு, உப்புத் தூவி, போத்தலிலிருந்து எண்ணெய் ஊற்றிக் கிளறினார். பக்கத்தில் ஒரு துண்டு கறுப்பு ரொட்டியை வைத்து, "யேஷ்!" என்றார்.

"சாப்பிடு" என்று பொருள். அவள் கற்றுக்கொண்ட முதல் ரஷ்யச் சொல் அதுதானாம்.

"வாயில் வைத்ததும் நம் வீட்டுப் பச்சடி நினைவு வந்துவிட்டது, டீச்சர். அழுகையோடு அழுகையாகக் கிண்ணத்தைக் காலி செய்தேன். அடியில் நின்ற சாற்றை ரொட்டியில் தொட்டுச் சாப்பிடச் சொல்லிக் காட்டினார் பாட்டி. அன்றிலிருந்து அவர் எனக்கு பாபுஷ்கா." பாபுஷ்கா என்றால் அந்த மொழியில் பாட்டி.

நாம் கேள்விப்பட்ட 'ரஷ்யன் சாலட்' வேறு

பட்டணத்து ஹோட்டல்களில் 'ரஷ்யன் சாலட்' என்று ஒன்றைப் பரிமாறுவார்கள். உருளைக்கிழங்கு, கேரட், பட்டாணி, முட்டை எல்லாம் சிறு சிறு துண்டாக மயோனைஸில் புரண்டு கிடக்கும். அதன் மூலவர் ஒலிவியே என்ற சமையற்காரர். 1860களில் மாஸ்கோவில் பணக்காரர்கள் போகும் உணவகம் ஒன்றில் அவர் ஆக்கிய பண்டம், காலப்போக்கில் மாறி மாறி இன்றைய உருவத்துக்கு வந்தது. ரஷ்யர்கள் அதைப் புத்தாண்டு விருந்துக்குத் தவறாமல் செய்கிறார்கள்.

நான் சொல்லும் தக்காளிச் சாலட்டுக்கு எந்த உணவகமும் பெயர் வாங்கவில்லை. கோடைக்காலத்தில் ஏழை வீடு, பணக்கார வீடு என்ற பேதமில்லாமல் ரஷ்ய மேசைகளில் தினந்தோறும் இருப்பது இது. தக்காளியை அவர்கள் 'பமிடோர்' என்கிறார்கள். பொன் ஆப்பிள் என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தக்காளியின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார்கள். ரஷ்யாவுக்குப் போய்ச் சேர்ந்தது 18ஆம் நூற்றாண்டில். முதலில் அழகுக்காகத்தான் தொட்டியில் வளர்த்தார்கள். தின்றால் விஷம் என்று பலர் பயந்தார்கள். ஆந்திரேய் போலொதவ் என்ற வேளாண் அறிஞர் தக்காளியைப் பயிரிடும்படி 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் எழுதியும் செய்துகாட்டியும் ஊக்குவித்தார். ஒரு காலத்தில் தொடவே பயந்த காய், இன்று அது இல்லாத கோடை விருந்தே இல்லை என்றாகிவிட்டது.

எண்ணெய்க்கும் ஒரு கதை

பாட்டி ஊற்றியது சூரியகாந்தி எண்ணெய். அதுவும் சுத்திகரிக்காத, செக்கில் ஆட்டியது போன்ற எண்ணெய். வறுத்த விதையின் மணம் மூக்கைத் துளைக்கும். சூரியகாந்தியும் அமெரிக்காவிலிருந்து வந்த செடிதான். ரஷ்யாவில் நெடுங்காலம் அதைப் பூவுக்காகவும், விதையைக் கொறிப்பதற்காகவும் வளர்த்தார்கள்.

அதிலிருந்து எண்ணெய் எடுக்கலாம் என்று காட்டியவர் தனீல் பொக்கார்யெவ் என்பவர். அவர் பெரிய படிப்பாளியோ பண்ணையாரோ அல்லர். ஒரு பிரபுவின் நிலத்தில் கட்டுண்ட பண்ணை அடிமை. ரஷ்யாவில் அடிமை முறை 1861இல்தான் ஒழிந்தது. இவரோ 1829இலேயே அலெக்ஸேயெவ்கா என்ற ஊரில் கையால் சுற்றும் ஒரு சிறு செக்கை அமைத்து எண்ணெய் பிழிந்தார். சில ஆண்டுகளுக்குள் அந்த வட்டாரமே எண்ணெய்த் தொழிலில் இறங்கியது.

அங்குள்ள கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு முன் ஏழு வாரங்கள் நோன்பு இருப்பார்கள். இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை எதுவும் தொடமாட்டார்கள். செடியிலிருந்து கிடைத்த இந்த எண்ணெய் நோன்புக்கு ஏற்றதாக அமைந்தது. அதனால் மக்கள் அதை 'நோன்பு எண்ணெய்' என்றே அழைத்தார்கள். நம் வீடுகளில் புரட்டாசிச் சனிக்கும் சஷ்டிக்கும் சைவம் சமைப்பதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

தொழிலாளிக்குக் கிடைத்த ஒரு துண்டு நிலம்

அந்தத் தக்காளியைப் பாட்டி எங்கே வாங்கினார் என்று கேட்டேன். "வாங்கவில்லை டீச்சர். அவருடைய சொந்தத் தோட்டத்தில் காய்த்தது" என்றாள்.

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். விடுதிக் காவல்காரக் கிழவிக்குச் சொந்தத் தோட்டமா?

போர் முடிந்த பின் அந்த நாட்டில் கடுமையான உணவுப் பஞ்சம் இருந்தது. 1949இல் சோவியத் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. ஆலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்வோர் காய்கறியும் பழமும் பயிரிட்டுக்கொள்ள, வேலையிடங்களின் வழியாக நிலம் பங்கிட்டுக் கொடுக்க வழி செய்த ஆணை அது. பின்னாளில் ஒரு குடும்பத்துக்கு 600 சதுர மீட்டர் என்பது வழக்கமான அளவாயிற்று. ரஷ்ய மொழியில் 'ஆறு சோத்கா' என்பார்கள். ஒரு சோத்கா 100 சதுர மீட்டர். முப்பது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம். அவ்வளவுதான். அதில் ஒரு சிறு மரக் குடில். மீதியெல்லாம் உருளைக்கிழங்கு, தக்காளி, வெள்ளரி, வெங்காயம், உக்ரோப் கீரை. அந்தக் குடிலையும் நிலத்தையும் 'தாச்சா' என்று அழைக்கிறார்கள்.

பாட்டி ஓர் ஆலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். அந்த வேலையின் வழியாக வந்ததுதான் அந்த ஆறு சோத்கா. மார்ச் மாதம் வெளியே பனி கிடக்கும்போதே, வீட்டுச் சன்னல் ஓரத்தில் பழைய பால் பெட்டிகளில் தக்காளி விதையை ஊன்றிவிடுவார். மே மாதம் உறைபனி பயம் நீங்கியதும் நாற்றைக் கொண்டுபோய் நிலத்தில் நடுவார். மாஸ்கோ பக்கம் குளிர் அதிகம்; அங்கே தக்காளிக்குக் கண்ணாடியிலோ பிளாஸ்டிக் தாளிலோ கூடாரம் வேண்டும். வோல்கோகிராத் வெயில் ஊர். திறந்த நிலத்திலேயே காய்க்கும். சனிக்கிழமை காலையில் மின்ரயிலில் பார்த்தால், வாளியும் மண்வெட்டியும் நாற்றுப் பெட்டியுமாகக் கிழவன் கிழவிகள் நிறைந்திருப்பார்களாம்.

ஆகஸ்டு, செப்டம்பரில் கூடை கூடையாகத் தக்காளி. சாப்பிட்டது போக மீதியை மூன்று லிட்டர் கண்ணாடிப் போத்தல்களில் உப்புநீரும் பூண்டும் சேர்த்து அடைத்து வைப்பார்கள். குளிர் வரும்போது செடியில் பச்சையாக நிற்கும் காய்களைப் பறித்துப் பெட்டிக்குள் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். குளிர்காலக் கம்பளிக் காலணிக்குள்கூடத் தக்காளியைப் போட்டுப் பழுக்க வைப்பவர்கள் உண்டு!

இதெல்லாம் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. 1992 சனவரியில் விலைக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். அந்த ஓர் ஆண்டில் மட்டும் விலைவாசி ஏறத்தாழ 26 மடங்கு உயர்ந்தது. வாழ்நாள் சேமிப்பு ஒரு பை சாமானுக்குக் காணவில்லை. பல இடங்களில் மாதக்கணக்கில் சம்பளமே வரவில்லை. "அந்த வருடங்களில் எங்களுக்குச் சோறு போட்டது அரசும் இல்லை, ஆலையும் இல்லை. அந்த ஆறு சோத்காதான்" என்று பாட்டி இவளிடம் சொல்வாராம். உருளைக்கிழங்கும் போத்தல் தக்காளியுமாக மூன்று குளிர்காலங்களைக் கடத்தி, இரண்டு பேரப்பிள்ளைகளை ஆளாக்கியிருக்கிறார்.

இதைக் கேட்டபோது என் அம்மாவின் நினைவு வந்தது. பால்மரம் வெட்டிவிட்டு வந்து, லயத்து வீட்டுக்குப் பின்னால் இருந்த சிறு நிலத்தில் வெண்டை, கத்தரி, பசலை, கருவேப்பிலை என்று வளர்த்தார். சம்பளம் போதாத மாதங்களில் சட்டியில் கொதித்தது அந்த மண்ணில் விளைந்ததுதான். பிறகு மரத்தை அழித்தார்கள். லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். வீட்டுச் சாமான்களை லோரியில் ஏற்றினோம். அம்மா கருவேப்பிலைக் கன்று ஒன்றைப் பிடுங்கி மில்க்மேய்டு டின்னில் வைத்து மடியில் சுமந்து வந்தார். மண்ணை ஏற்றிக்கொண்டு வர முடியுமா?

சரி, செய்முறைக்கு வருவோம்

நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு வேண்டியவை:

பழுத்த தக்காளி, நடுத்தர அளவில் 4 (ஏறத்தாழ அரைக் கிலோ)
வெள்ளரிக்காய், சிறியதாக 2 (ஏறத்தாழ 300 கிராம்)
வெங்காயம், நடுத்தர அளவில் 1
உக்ரோப் கீரை, ஒரு சிறு பிடி
உப்பு, அரைத் தேக்கரண்டி
ஸ்மெத்தானா 3 மேசைக்கரண்டி, அல்லது எண்ணெய் 2 மேசைக்கரண்டி
விரும்பினால் மிளகுத்தூள் ஒரு சிட்டிகை

முதலில் காய்களை ஓடும் குழாய் நீரில், கையால் தேய்த்துக் கழுவுங்கள். வெட்டிய பிறகு கழுவக் கூடாது. சாறும் சத்தும் தண்ணீரோடு போய்விடும். மீன், கோழி வெட்டிய பலகையில் இதை வெட்டவே கூடாது. அடுப்பில் வேகாத பண்டம் அல்லவா? பலகையில் உள்ள அழுக்கு நேராக வயிற்றுக்குப் போகும். கத்தியும் பலகையும் சோப்புப் போட்டுக் கழுவியதாக இருக்கட்டும்.

வெங்காயத்தை மெல்லிய வளையமாக அரிந்து, குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். காரம் அடங்கிவிடும்; பிள்ளைகள் ஒதுக்க மாட்டார்கள். தக்காளியைக் காம்பு நீக்கி எட்டுத் துண்டுகளாக வெட்டுங்கள். பொடியாக நறுக்கினால் குழைந்துவிடும். வெள்ளரிக்காயை அரைவட்டமாகச் சீவுங்கள். தோல் கசந்தால் மட்டும் நீக்கினால் போதும்.

எல்லாவற்றையும் ஒரு பெரிய மங்கில் போட்டு, கீரையைக் கிள்ளித் தூவுங்கள். உப்பை இப்போது போடாதீர்கள். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் உப்புப் போட்டு, ஸ்மெத்தானாவோ எண்ணெயோ ஊற்றி, இரண்டே கிளறு கிளறி இறக்க வேண்டும். ஏன்? உப்பு பட்டவுடன் தக்காளியும் வெள்ளரியும் தண்ணீர் விடும். இரண்டிலும் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர்தான். அரை மணி நேரம் முன்பே உப்புப் போட்டுவிட்டால், காய் துவண்டு குளத்தில் மிதக்கும். "உப்பு கடைசியில்" என்று பாட்டி ஒவ்வொரு முறையும் விரலை ஆட்டிச் சொல்வாராம்.

எண்ணெயும் ஸ்மெத்தானாவும் சேர்த்து ஊற்றுவதில்லை, இரண்டில் ஒன்றுதான்.

நம் ஊரில் கிடைப்பதைக் கொண்டு

ஸ்மெத்தானா என்பது புளிக்க வைத்த பாலாடை. ரஷ்யக் கடைகளில் 15, 20, 25 விழுக்காடு கொழுப்பு என்று தரம் போட்டு விற்கிறார்கள். நம் பட்டணத்துப் பேரங்காடிகளில் 'சவர் கிரீம்' என்று கிடைக்கும், விலை அதிகம். அதைத் தேடி அலைய வேண்டாம். இனிப்பில்லாத கெட்டித் தயிரைச் சுத்தமான மெல்லிய துணியில் கட்டி, குளிர்ப்பெட்டிக்குள் ஒரு வடிகட்டியில் ஒரு மணி நேரம் வைத்தால், தண்ணீர் வடிந்து ஸ்மெத்தானாவுக்கு அண்மையில் வந்துவிடும். நான் செய்வது இதுதான்.

எண்ணெய் ஊற்ற விரும்புகிறவர்களுக்கு: கடையில் கிடைக்கும் சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெயில் மணம் இராது. ஆனால் தீங்கில்லை. மணம் வேண்டுமென்றால் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி போடுங்கள். ரஷ்யச் சுவை போய்விடும். நம் சுவை வந்துவிடும். அதிலும் குற்றமில்லை.

உக்ரோப் என்பது நம் நாட்டு வைத்தியத்தில் சதகுப்பை என்று சொல்லும் செடியின் கீரை. கேமரன் மலையிலிருந்து வரும் காய்கறிகளோடு பெரிய கடைகளில் சில சமயம் கிடைக்கும். கிடைக்காவிட்டால் கொத்தமல்லி இலை போடலாம். ரஷ்யாவின் தெற்கே காக்கசஸ் மலைப் பக்கத்து மக்களும் கொத்தமல்லி இலையைத் தாராளமாகச் சேர்க்கிறார்கள். ஆகவே நாம் முறை தவறியதாக ஆகாது.

கறுப்பு ரொட்டிக்கு என்ன செய்வது? கம்பு போன்ற 'ரை' தானியத்து மாவில் செய்வது அது. நம் பக்கத்தில் அரிது. முழுக் கோதுமை ரொட்டியோ, சப்பாத்தியோ போதும். பருப்புச் சாதத்துக்கும் இந்தச் சாலட் அருமையாகத் துணை போகும். அடியில் தங்கும் சாற்றை மட்டும் கொட்டிவிடாதீர்கள். ருசியெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. தயிர் சேர்த்த சாலட்டை நம் வெயிலில் வைத்திருந்து சாப்பிடக் கூடாது. செய்தவுடன் சாப்பிட வேண்டும். காலை வேலைக்குக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் காயை உப்பு இல்லாமல் ஒரு டப்பாவிலும், உப்பைத் தனியே ஒரு பொட்டலத்திலும் கொண்டுபோய், சாப்பிடும் நேரத்தில் கலந்துகொள்ளலாம். தயிர் வேண்டாம்.

ஏன் சாப்பிட வேண்டும்?

அந்த அக்காவுக்குச் சில மாதங்களாகவே களைப்பு. நாலு மூட்டை பொறுக்கினால் மூச்சு வாங்கும். வயதாகிறது என்று விட்டுவிட்டார். மகள் வந்ததும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் இரத்தம் சோதித்தாள். இரும்புச் சத்துக் குறைவு என்று தெரிந்தது. மாத்திரை கொடுத்தார்கள்.

"மாத்திரையைக் கட்டாயம் சாப்பிடணும்மா. அதோடு இதையும் சாப்பிடு" என்று மகள் சொன்னதற்கான விளக்கத்தை உங்களுக்கும் சொல்கிறேன். கீரையிலும் பருப்பிலும் இரும்புச் சத்து உண்டு. ஆனால் நம் உடம்பு அதை எளிதில் ஏற்பதில்லை. வைட்டமின் 'சி' உள்ள பச்சைத் தக்காளி, எலுமிச்சை, கொய்யா போன்றவற்றைச் சேர்த்துச் சாப்பிட்டால் கூடுதலாக ஏற்கும். அதே சமயம் சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அது குறைந்துவிடும். நம் வீடுகளில் நடப்பது என்ன? சோறு தின்ற கையோடு ஒரு தேத்தண்ணீர்! ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிப்பது நல்லது. சமைக்கும்போது வைட்டமின் 'சி' ஒரு பகுதி அழிந்துபோகும் என்பதால்தான் பச்சையாக உண்பதில் பயன்.

எண்ணெயும் வீணுக்கு இல்லை. தக்காளிக்குச் சிவப்பு நிறம் கொடுக்கும் சத்து, கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். பாட்டிக்கு இந்த விஞ்ஞானம் தெரியாது. ஆனால் செய்முறை சரியாகவே இருந்திருக்கிறது.

உப்பில் மட்டும் கைக்கட்டு வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. அது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. அரைத் தேக்கரண்டி நான்கு பேருக்குப் பங்கானால் பயமில்லை. சிறுநீரக நோய் உள்ளவர்கள் தக்காளியை அதிகம் உண்ணலாமா என்று தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மண் இருந்தால்...

தாழ்நிலத்துச் சூட்டில் தக்காளி வளர்ப்பது சிரமம்; வாடல் நோய் வந்து செடி ஒரே நாளில் தலை சாய்ந்துவிடும். சந்தையில் வாங்குவதே மேல். ஆனால் வெள்ளரி நம் மண்ணுக்கு ஏற்ற பயிர். நாலு கழியை நட்டுக் கொடி ஏற்றினால், ஒன்றரை இரண்டு மாதத்துக்குள் காய் பறிக்கலாம். மண் இல்லாதவர்கள் பழைய வாளியிலும் அரிசிப் பையிலும் வளர்க்கலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தோட்டத்து மருந்து வந்த டின்னையோ கேனையோ எவ்வளவு கழுவினாலும் செடிக்குத் தண்ணீர் மொள்ளவோ செடி வைக்கவோ பயன்படுத்தாதீர்கள். மருந்து அடித்துவிட்டு வந்த உடுப்போடு காய் பறிக்காதீர்கள். பச்சையாகப் பிள்ளைகள் வாய்க்குப் போகிற காய் அது.

எங்கள் பள்ளியிலும் சிறு பாத்தி ஒன்று போட்டிருக்கிறோம். முதல் வெள்ளரிக்காய் வந்த அன்று நாலாம் ஆண்டுப் பிள்ளைகள் பதினொரு பேருக்கும் சாலட் செய்துகொடுத்தேன். வீட்டில் காய்கறியை ஒதுக்கும் பையன் இரண்டாம் முறை கேட்டான். "நான் தண்ணி ஊத்துன காய், டீச்சர்!" என்றான். அவன் சொன்னதில்தான் எல்லாம் இருக்கிறது.

அன்று மாலை அக்கா என்ன செய்தார்?

மகள் ஊட்டாத குறையாகக் கெஞ்சியதும் ஒரு கரண்டி வாயில் போட்டார். மென்றார். முகத்தைச் சுளித்தார். "உறைப்பு இல்லையே பாப்பா" என்றார். பிறகு மகள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, பச்சை மிளகாய் ஒன்றை எடுத்துத் தம் மங்கில் கிள்ளிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். மங்கு காலியாயிற்று. அடியில் நின்ற சாற்றைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தார்.

அப்போதுதான் மகள் அந்த முதல் வாரத்துக் கதையைச் சொன்னாள். ஆறு ஆண்டுகளாக அம்மாவிடம் அவள் சொல்லாத கதை. தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் "நல்லாச் சாப்பிடுறேன்மா" என்றுதான் சொல்லியிருக்கிறாள். நகையை அடகு வைத்தவரிடம் வேறென்ன சொல்வாள்?

அக்கா பிசைந்த கையை அப்படியே நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் சொல்லி முடித்ததும் ஒன்று கேட்டார்: "அந்தக் கெழவி இன்னும் இருக்கா?"

"இருக்காங்கம்மா. இப்ப வேலைக்குப் போறதில்ல. தாச்சாவிலதான் இருக்காங்க."

"போன் போட்டா நான் பேசுனா அவங்களுக்குப் புரியுமா?"

"புரியாதும்மா. நீ சொல்லு, நான் சொல்றேன்."

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். "எம் புள்ளைக்குச் சோறு போட்ட மகராசி நல்லா இருக்கணும்னு சொல்லு" என்றார்.

அன்று இரவே மகள் அதைச் சொல்லியிருக்கிறாள். மறுமுனையில் பாட்டி சற்று நேரம் பேசவில்லையாம். பிறகு கேட்டது ஒரே கேள்வி: "அம்மா உப்பைக் கடைசியில்தானே போட்டார்?"

நீங்களும் செய்து பாருங்கள், சகோதரிகளே. உப்பு கடைசியில்.